கணினித் திரைக்குள் வந்த பேய்: ஒரு சிறு வரலாறு

பேய்க்கு ஓர் இடம் வேண்டும். நம் கதைமரபு இதில் மிகவும் கண்டிப்பானது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பாலைநிலத்தில், காளி கோயிலைச் சுற்றி வாழ்கின்றன. வேதாளத்துக்கு முருங்கைமரம். எங்கள் நத்தம் பக்கத்தில் கேட்டால் சாலையோரப் புளியமரத்தையும் தூர்ந்துபோன கிணற்றையும் கண்மாய்க்கரையையும் சுடுகாட்டுப் பாதையையும் காட்டுவார்கள். ஊருக்குள் பேய் இருப்பதாகச் சொல்வது அரிது. ஊர் எல்லையில் கருப்பணசாமி அரிவாளோடு நிற்பதே அதற்காகத்தான்.

'நத்தம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வருவாய்த்துறை ஆவணங்களில் நத்தம் என்றால் மனிதர்கள் வீடுகட்டிக் குடியிருக்கும் நிலம். நன்செய், புன்செய், புறம்போக்கு எனப் பிரித்து, மனிதன் படுத்துறங்கும் இடத்துக்கு மட்டும் தனியாக இட்ட பெயர் அது. நத்தத்துக்குள் மனிதன், நத்தத்துக்கு வெளியே பேய் என்பதுதான் நெடுங்காலம் நீடித்த ஒப்பந்தம் என்று சொல்லலாம். பேய்க்கதைகளின் வரலாறு என்பது ஒருவகையில் இந்த ஒப்பந்தம் மெல்ல மெல்ல மீறப்பட்ட வரலாறு. மரத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து நம் மடியில் வைத்திருக்கும் கணினிக்கும் பேய் வந்து சேர்ந்திருக்கிறது.

தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு கணினியின் திரையை மட்டுமே காட்டி நடத்தப்படும் திகில் படங்களைப் பற்றி எழுத நினைத்தபோது எங்களுக்கு முதலில் தோன்றியது இதுதான். இவற்றை வெறும் தொழில்நுட்ப வித்தை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த வடிவத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. தமிழிலும் அதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. அந்த அத்தியாயத்துக்குப் பின்னால் நாம் இன்னும் பேசி முடிக்காத ஒரு துக்கமும் இருக்கிறது.

*

ஆவணங்களை அடுக்கியே கதை சொல்வது திரைப்படம் கண்டுபிடித்த உத்தி அல்ல. 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், ஒலிப்பதிவு உருளையில் பேசிப் பதிந்த குறிப்புகள் ஆகியவற்றின் தொகுப்பாகவே நாவல் நகர்கிறது. அன்றைய அதிநவீனக் கருவிகள் எவையோ அவற்றின் வழியாகவே மிகப் பழைய ஒரு பேய் வருகிறது. வாசகன் நம்புவது அந்தக் கருவிகளை. அவற்றை நம்பியதனால் பேயையும் நம்ப நேரிடுகிறது. நாம் பேசவிருக்கும் படங்கள் அத்தனையும் இந்தச் சூத்திரத்தின் பேரப்பிள்ளைகள்தாம்.

தமிழில் கடித வடிவ நாவலுக்கு மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' (1921) முன்னோடி. ஆனால் அந்த வடிவத்தைத் தமிழ் எழுத்து பேயிடம் ஒப்படைத்ததில்லை. நம் நவீன இலக்கியத்தின் புகழ்பெற்ற பேய்க்கதையான புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) வேறு வழியில் போயிற்று. அங்கே பேய், அது பேய்தானா என்பதைக் கதை உறுதிசெய்வதில்லை, வீட்டு வாசலுக்கு வரும் ஒரு பெண்ணாக உள்ளே நுழைகிறது. எல்லைக் காவலைத் தாண்டி நத்தத்துக்குள் அடியெடுத்து வைத்துவிட்டது. அதை உள்ளே விடுவது ஒரு எளிய மனித இரக்கம் என்பதுதான் கதையின் கூர்மை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் படங்களிலும் பேயை உள்ளே அழைப்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் அன்போ, குற்றவுணர்வோதான்.

திரை என்ற பொருளும் நமக்குப் புதிதல்ல. வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் விளக்கேற்றி, பதப்படுத்திய தோலில் வெட்டிய உருவங்களை ஆட்டிக் கதை சொல்லும் தோல்பாவைக்கூத்து, மதுரை, திண்டுக்கல் சமவெளிகள் அறிந்த கலை. பின்னர் சினிமா வந்தது. 1905-இல் திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டத் தொடங்கினார். பாவைக்கூத்தானாலும் கூடாரக் கொட்டகையானாலும் திரை என்பது ஊரே கூடி அண்ணாந்து பார்க்கும் பொருளாக இருந்தது. பயமும் கூட்டுப் பயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒருவர் சிரித்துவிட்டால் பேய் தோற்றுவிடும்.

*

திரையே பேயின் வாசலாக மாறியதைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஜப்பானியர்கள். ஹிடியோ நகாடாவின் 'ரிங்' (1998) படத்தில் ஒரு வீடியோ கேசட்டைப் பார்ப்பவர்கள் ஏழு நாட்களில் இறக்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் தவழ்ந்து வெளியே வரும் காட்சியை உலகமே பார்த்தது. அடுத்து கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001). தொலைபேசி இணைப்பில் முனகிக்கொண்டே இணையம் திறந்த அந்த நாட்களில், இறந்தவர்கள் இணையத்தின் வழியாக உயிருள்ளவர்களின் உலகுக்குள் கசிவதாக அது கற்பனை செய்தது. அந்தப் படத்தின் பேய்கள் யாரையும் துரத்துவதில்லை. அவை கொண்டுவருவது தனிமையை. இணையம் நம்மை இணைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு படம் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழில் இந்த வரிசையில் வைக்கத்தக்க படம், விக்ரம் குமார் இயக்கி 2009 மார்ச்சில் வெளியான 'யாவரும் நலம்'. பதின்மூன்றாம் மாடியில் புதுவீடு வாங்கிக் குடிபுகும் ஒரு கூட்டுக்குடும்பம்; வீட்டுப் பெண்கள் அன்றாடம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் அவர்களுடைய வாழ்க்கையே நடக்கத் தொடங்குகிறது; மாதவன் ஏற்ற நாயகன் மட்டுமே அதைக் கவனிக்கிறான். நெடுந்தொடர்கள் தமிழ்நாட்டு மாலைப்பொழுதுகளை முழுதாக ஆட்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. விளக்கேற்றும் நேரத்தில் நடுக்கூடத்தில் ஒளிரும் பொருள் எதுவோ, அதற்குள் பேயை வைத்தது அந்தப் படம். நத்தத்தின் நடுவீட்டுக்கே பேய் வந்துவிட்டது.

அடுத்த படி, கேமராவை முற்றிலும் அகற்றிவிட்டுக் கணினித் திரையையே படச்சட்டமாக ஆக்குவது. இணையக் கேமரா உரையாடல்களை மட்டும் கொண்டு அமெரிக்காவில் மைக்கேல் கோஸ்டான்சா எடுத்த 'தி காலிங்ஸ்வுட் ஸ்டோரி' (2002) இதன் முன்னோடிகளில் ஒன்று. ஆனால் இந்த வடிவத்தைப் பெருந்திரளிடம் கொண்டுசென்றது 'அன்ஃப்ரெண்டட்'. லெவான் காப்ரியாட்ஸே இயக்கிய இந்தப் படம், 2014-இல் 'சைபர்நேச்சுரல்' என்ற பெயரில் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2015 ஏப்ரலில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. செலவு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். உலக அளவில் வசூல் 6 கோடி டாலருக்கும் அதிகம். தயாரிப்பாளர் கஜகஸ்தானில் பிறந்த திமூர் பெக்மாம்பெடோவ். இந்த வடிவத்துக்கு 'ஸ்கிரீன்லைஃப்' என்று பெயர் சூட்டி, சில விதிகளையும் வகுத்தவர் அவர்: கதை நிகழும் இடம் ஒரே திரை, காலம் அறுபடாமல் ஓட வேண்டும், ஒலிகள் யாவும் அந்தக் கணினியிலிருந்தே பிறக்க வேண்டும். இடம், காலம் பற்றிய பழைய நாடக விதிகள் மேசைக்கணினி வழியே திரும்பி வந்திருக்கின்றன என்றே எண்ணத் தோன்றுகிறது.

*

'அன்ஃப்ரெண்டட்' படத்தின் கதை சிறியது. தன்னை இழிவுபடுத்தும் ஒரு காணொளி இணையத்தில் பரவியதால் பள்ளிமாணவி ஒருத்தி தற்கொலை செய்துகொள்கிறாள். ஓராண்டு கழித்து அவளுடைய நண்பர்கள் சிலர் ஸ்கைப்பில் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது முகமற்ற ஒருவர் அந்த அழைப்பில் இருப்பதைக் கவனிக்கிறார்கள். எத்தனை முறை துண்டித்தாலும் போகவில்லை. இறந்தவளின் முகநூல் கணக்கிலிருந்து செய்திகள் வரத் தொடங்குகின்றன. நாம் பார்ப்பதெல்லாம் பிளேர் என்ற பெண்ணின் மடிக்கணினித் திரை மட்டுமே.

இந்தப் படத்தை நாங்கள் நத்தத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியறையில் மடிக்கணினியில்தான் பார்த்தோம். பெரிய திரையில் பார்ப்பதைவிட அதுவே பொருத்தம் என்பது பத்து நிமிடங்களில் புரிந்தது. படத்தின் சட்டமும் கருவியின் சட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. படத்துக்குள் செய்தி வரும் ஓசை கேட்டதும் எங்களில் இருவர் தத்தம் கைபேசியைத் தேடினார்கள். ஒருவர் திரையில் தெரிந்த சாளரமொன்றை மூட விரலை நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். திரையரங்கில் நாற்காலிக்கும் திரைக்கும் இடையே இருக்கும் பாதுகாப்பான தூரம் இங்கே இல்லை.

ஆனால் இலக்கிய வாசகர்களாக எங்களை நிறுத்தியது வேறொன்று. பிளேர் ஒரு பதிலைத் தட்டச்சு செய்கிறாள். நிறுத்துகிறாள். அழிக்கிறாள். வேறொன்றை எழுதுகிறாள். அதையும் பாதி அழித்து, இறுதியில் ஒற்றைச் சொல்லை அனுப்புகிறாள். மறுமுனையில் இருப்பவனுக்குக் கிடைப்பது அந்த ஒரு சொல். நமக்கோ அவள் அழித்ததும் தெரியும். நினைத்தது, சொல்ல அஞ்சியது, சொன்னது என்ற மூன்று அடுக்குகளையும் ஒரே வரியில் காட்டிவிடும் இந்த உத்தி, நாவலின் நனவோடைக்கு நிகராகத் திரைப்படம் கண்டடைந்த ஒன்று. பின்னணிக் குரலோ வசனமோ இல்லாமல் மனதின் உட்புறத்தைக் காட்ட முடிகிறது. துடிக்கும் செங்குத்துக் கோடு ஒன்றே போதும்.

இந்த உத்தியை அச்சத்திலிருந்து பிரித்தெடுத்து உச்சத்துக்குக் கொண்டுபோனவர், அமெரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி இளைஞர் அனீஷ் சகந்தி. அவரது 'சர்ச்சிங்' (2018) பேய்ப்படம் அல்ல. காணாமற்போன மகளை அவளுடைய கணினிக்குள் தேடும் ஒரு தந்தையின் கதை. படப்பிடிப்பு 13 நாட்களில் முடிந்தது. படத்தொகுப்புக்கோ ஓராண்டுக்கும் மேலாயிற்று. தொடக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பியின் பழகிய பச்சைப் புல்வெளி தெரிகிறது. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகள் கோப்புகளாகவும் காணொளிகளாகவும் கடந்துபோகின்றன. நோயுற்ற தாய் வீடு திரும்பும் நாள் என்று நாட்காட்டியில் குறித்த வரி தள்ளிவைக்கப்பட்டு, பிறகு அழிக்கப்படுகிறது. ஒரு மரணம் அவ்வளவில் சொல்லப்பட்டுவிடுகிறது.

*

நத்தம் போன்ற சிற்றூர்களில் கணினித் திரை எப்போது வீட்டுக்குள் வந்தது என்பதையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். இரண்டாயிரங்களின் முதற்பாதியில் அது பிரவுசிங் சென்டரின் மரத்தடுப்புகளுக்குள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்த பொருள். தேர்வு முடிவு பார்க்கவும், வெளிநாட்டில் இருப்பவர்களோடு யாஹூ மெசஞ்சரில் பேசவும் அங்கே போனோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபிறகு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் வழியாக அது ஓட்டுவீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அதன்பின் கைபேசி எல்லாவற்றையும் விழுங்கியது.

ஆயினும் திரை வழியாகவே வாழ்வது என்பது 2020 மார்ச் வரை நமக்கு ஒரு தேர்வாகவே இருந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வகுப்பும் அலுவலகமும் திருமணமும் நலம் விசாரிப்பும் திரைக்குள் போயின. அந்த ஆண்டு, இந்த வடிவம் வித்தையாக இருந்தது போய் யதார்த்தவாதமாக மாறியது. ராப் சாவேஜ் இயக்கிய பிரிட்டிஷ் படமான 'ஹோஸ்ட்' 2020 ஜூலை 30-இல் வெளியானது. ஊரடங்கில் அடைபட்ட நண்பர்கள் சிலர் ஜூம் அழைப்பில் ஆவியை அழைக்கிறார்கள். படம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இயக்குநர் நடிகர்களோடு ஒரே அறையில் இல்லாமலேயே எடுத்தது. கேமராவையும் விளக்கையும் நடிகர்களே தத்தம் வீடுகளில் அமைத்துக்கொண்டார்கள். கதையின் சூழலும் அதை எடுத்த சூழலும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

இரண்டு மாதங்கள் கழியுமுன் நம் அண்டைவீட்டிலிருந்து ஒரு பதில் வந்தது. மகேஷ் நாராயணன் எழுதி இயக்கித் தொகுத்த 'சி யூ சூன்' என்ற மலையாளப் படம் 2020 செப்டம்பர் 1-இல் அமேசான் பிரைமில் வெளியானது. ஃபகத் ஃபாசில், ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரன் நடித்தது. வளைகுடாவில் வேலைபார்க்கும் இளைஞன் இணையத்தில் சந்தித்த பெண் திடீரெனக் காணாமல் போகிறாள். அவனுடைய உறவினன் ஒருவன் அவளுடைய மின்தடயங்களைத் தேடிப்போகிறான். இதில் பேய் இல்லை. ஆனால் வேலைக்கென்று கடல் கடந்து போய் விற்கப்படும் பெண்களின் கதை அந்தச் சாளரங்களுக்குள் திறக்கும்போது உண்டாகும் திகில், எந்தப் பேய்ப்படத்துக்கும் குறைந்ததல்ல. வெளிநாட்டு வடிவம் ஒன்று இந்த மண்ணின் கதையைச் சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

*

தமிழுக்கு வருவோம். அஸ்வின் சரவணன் இயக்கிய 'கனெக்ட்' 2022 டிசம்பர் 22-இல் திரையரங்குகளில் வெளியானது. நயன்தாரா, சத்யராஜ், அனுபம் கேர், வினய், ஹனியா நஃபீசா நடித்தது. ஊரடங்கு காலம். மருத்துவரான தந்தை கொரோனாவால் இறந்துவிடுகிறார். தாயும் மகளும் நோய்த்தொற்றோடு வீட்டுக்குள் தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். தந்தையோடு ஒருமுறை பேசிவிட வேண்டும் என்ற ஏக்கத்தில் மகள் இணையம் வழியாக ஆவியை அழைக்கும் முயற்சியில் இறங்குகிறாள். வருவது தந்தை அல்ல. பேயோட்டும் பாதிரியார் மும்பையிலிருந்து காணொளி அழைப்பிலேயே சடங்கை நடத்த வேண்டியிருக்கிறது.

இது கறாரான பொருளில் முழுக்கக் கணினித் திரைப்படம் அல்ல. கேமரா அவ்வப்போது திரையை விட்டு வெளியே வந்து வீட்டுக்குள் நடமாடுகிறது. ஆனால் படத்தின் பெரும்பகுதி காணொளி அழைப்புகளில்தான் நிகழ்கிறது. தாத்தா ஒரு சதுரத்தில், பாதிரியார் ஒரு சதுரத்தில், தாயும் மகளும் ஒரே வீட்டின் வெவ்வேறு அறைகளில். இந்த இயக்குநருக்கு இது தற்செயலான தேர்வல்ல. 'மாயா' (2015) படத்தில் பரிசுப் பணத்துக்காக ஒரு பெண் நள்ளிரவில் தனியாக அமர்ந்து பேய்ப்படம் பார்க்கிறாள். 'கேம் ஓவர்' (2019) காணொளி விளையாட்டின் அமைப்பை உயிர்ப்போராட்டமாக மாற்றியது. சினிமாத் திரை, விளையாட்டுத் திரை, அழைப்புத் திரை என்று மூன்று படங்களிலும் ஒரே கேள்வியைத்தான் அவர் கேட்கிறார்: பார்த்துக்கொண்டிருப்பவர் எந்தக் கணத்தில் பார்க்கப்படுபவராக மாறுகிறார்?

'கனெக்ட்' 99 நிமிடங்கள் இடைவேளையின்றி ஓடும்படி அமைக்கப்பட்டது. திரையரங்க வட்டாரத்தில் இது விவாதமாயிற்று. நம் ஊரில் இடைவேளை என்பது சிற்றுண்டி வியாபாரம் மட்டுமல்ல; பயத்திலிருந்து பார்வையாளனுக்குத் தரப்படும் சட்டபூர்வமான விடுப்பும்கூட. அதை மறுத்தது துணிச்சல்தான். படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பேயோட்டும் பகுதியில் அது ஹாலிவுட் தேவாலயப் படங்கள் போட்ட பாதையிலேயே நடக்கிறது. திரையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும், அதுவரை சிறுகச் சிறுகச் சேர்த்த மூச்சுமுட்டல் கொஞ்சம் கலைந்துபோகிறது. வழக்கமான திடுக்கிடல்களும் உண்டு.

அப்படியிருந்தும் இந்தப் படம் எங்களை உலுக்கியதற்குக் காரணம் பேயல்ல, அதன் தொடக்கம்தான். ஒரு மருத்துவர் இறக்கிறார். குடும்பம் திரைவழியாகத்தான் விடைபெற முடிகிறது.

நம்மிடையே சாவு என்பது முதலில் முகம் பார்ப்பது. எத்தனை மணி நேரப் பயணமானாலும், "முகத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்றுதான் கிளம்புவோம். தூரத்துச் சொந்தம் வரும்வரை எடுக்காமல் வைத்திருப்போம். கோடித்துணி, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி, ஒப்பாரி எல்லாமே இறந்தவரின் உடல் நம் முன்னால் இருப்பதை முன்னிட்டவை. 2020-இல் இறுதிச்சடங்கில் கலந்துகொள்ள 20 பேருக்குத்தான் அனுமதி. கொரோனாவால் இறந்தவர்களின் உடல்கள் பொதியப்பட்டு நேராக இடுகாட்டுக்குப் போயின. அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்சைத் தாக்கியது. மற்றவர்கள் வாட்ஸப் காணொளியில் கைநடுங்கப் பிடிக்கப்பட்ட சிதையைப் பார்த்து அழுதார்கள். அழைப்பு நடுவில் அறுந்துபோனவர்களும் உண்டு.

முகம் பார்க்காமல் அனுப்பிய சாவு, முடியாத சாவு. சடங்கு நிறைவேறாமல் போனவர் திரும்பி வருவார் என்பதுதான் உலகெங்கும் பேய்க்கதையின் வேர். அதனால்தான் 'கனெக்ட்' படத்தில் மகள் செய்யும் காரியம் எங்களுக்கு மூடத்தனமாகத் தோன்றவில்லை. முறிந்த அழைப்பை மீண்டும் இணைக்கத்தான் அவள் பார்க்கிறாள். 'காஞ்சனை'யில் வாசலைத் திறந்தது இரக்கம். இங்கே திறப்பது துக்கம். பெருந்தொற்றைப் பற்றித் தமிழில் பெரிய நாவல் எதுவும் உடனடியாக நம் நினைவுக்கு வராத நிலையில், வணிகப் பேய்ப்படம் ஒன்று அந்தக் காயத்தின்மீது விரல் வைத்தது என்பதைப் பதிவுசெய்யவே இதை எழுதுகிறோம்.

*

கடைசியாக ஒன்று. இந்தப் படங்கள் வேறெந்தப் படத்தையும்விட வேகமாகப் பழையனவாகின்றன. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17-இல் நின்றது. 'அன்ஃப்ரெண்டட்' படத்தின் உயிர்நாடியான ஸ்கைப் 2025 மே 5-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. செத்த பெண்ணொருத்தி ஸ்கைப்பில் வருவதாக அன்று பயந்தோம். இன்று அந்தப் படத்தை ஓட்டினால் அவளோடு சேர்ந்து ஸ்கைப்பும் ஆவியாகத்தான் வருகிறது. அந்த அழைப்பு மணியை இனி அங்கேதான் கேட்க முடியும். ஒரு காலத்தில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எதைத் தட்டச்சு செய்து எதை அழித்தார்கள் என்பதற்கு இப்படங்கள் தாம் அறியாமலே சாட்சிகளாகிவிட்டன. வரலாற்று மாணவர் இவற்றை அலட்சியம் செய்ய முடியாது.

இறந்தவர்களின் கணக்குகளை நினைவுப் பக்கங்களாக மாற்றும் வசதியை முகநூல் 2009-இலேயே கொண்டுவந்தது. ஆனால் மாற்றப்படாமல் கிடப்பவை எத்தனையோ. நம் ஒவ்வொருவர் நண்பர் பட்டியலிலும் இறந்துபோன இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்குப் பிறந்தநாள் வருகிறது. வாழ்த்தச் சொல்லி அறிவிப்பும் வருகிறது. விவரம் தெரியாத யாரோ ஒருவர் "நூறாண்டு வாழ்க" என்று எழுதிவிட்டுப் போகிறார். அந்தக் கணக்கை நீக்க நமக்கும் மனம் வருவதில்லை. ஆளில்லாத வீடானாலும் ஆவணத்தில் அது நத்தம்தான். குடியிருந்தவரின் பெயர் அங்கே இன்னும் எழுதப்பட்டிருக்கிறது.